காறை

கழுத்தில் போடும் நகைக்கும்
அதற்குக் கீழே கிடக்கும் எலும்புக்கும்
ஒரே பேர் வைத்தவர்
தொட்டுப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.
நானும் தொட்டேன்.
பலவேசத்தின் வலது காறையெலும்பு
நடுவில் வளைந்து, தோள் பக்கம் தடித்திருந்தது.
இட்லி அண்டா சுமந்த பக்கம்.

சயானில் தண்டவாளம் முங்கிய இரவு.
லிஃப்ட் குழிக்குள் மழை நிற்க
மூன்று மாடி தூக்கி வந்தார்கள்.
குடலில் ஓட்டை. பிரஷர் அறுபது.
ஜனங்கள் நரம்பு என்பார்கள், புத்தகம் சிரை என்னும்,
எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டும்
அவர் கையில் ஒன்றும் எழும்பவில்லை.
காம்ப்ளே சிஸ்டர் ஊசியை வைத்துவிட்டு
என்னைப் பார்த்தார்.
கழுத்தில் போடலாமென்றால்
என்றோ ஆவி அடித்து வெந்த தோல்
கயிறு கயிறாகத் திரண்டிருந்தது.
ஸ்கேன் மெஷின் பிரசவ வார்டில்.
மிச்சம் எலும்புக்கடியில் ஒரு வழி,
விரல் மட்டும் பார்க்கிற வழி.

படிவத்தில் மராத்தி, இங்கிலீஷ்.
சொர்ணக்கிளிக்குத் தமிழில் சொன்னேன்:
பக்கத்து ரத்தக்குழாயில் குத்திவிடலாம்,
குத்தினால் எலும்புக்கடியில் அமுக்கிப் பிடிக்க முடியாது.
கம்பி இதயத்தை உரசலாம்.
கிருமி பிடிக்கலாம்.
நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு
நெஞ்சுக்குள் காற்று போகலாம்.

“காத்து போனா நல்லதுதான டாக்டரம்மா?
எங்க ரூமுக்குள்ளதான் அது வரமாட்டேங்குது.”

மை ஒற்றிய பெருவிரலை
எங்கே துடைப்பதென்று தெரியாமல்
நீட்டிக்கொண்டே நின்றாள்.

தோள்பட்டைகளுக்கு நடுவே சுருட்டிய துண்டு.
தலைமாடு தாழ, கால்மாடு உயர.
ஒரு விரல் தொண்டைக்குழியில், அதுதான் திசை.
எலும்பை ஒட்டிப் போ, தரைக்கு இணையாகப் போ,
இழுத்துக்கொண்டே போ என்பார் பெண்ட்சே சார்.
போனேன்.
கறுத்த ரத்தம் வரவேண்டிய சிரிஞ்சில்
ஒன்றும் வரவில்லை.
பின்வாங்கி, ஒரு நூல் சாய்த்து, மறுபடி.
அவர் இருமினார்.

சிரிஞ்சுக்குள் குமிழி.

எத்தனை லேசாக வந்தது!
பிஸ்டன் தடையில்லாமல் பின்னால் நகர்ந்தது,
எண்ணெய் போட்ட கதவு மாதிரி.
அது அவர் இழுத்து வைத்திருந்த மூச்சு.
என் கையில் ஐந்து மில்லி.

இன்னொரு பக்கம் முயலக்கூடாது,
இரண்டு பக்கமும் பிசகினால் மனிதன் எதால் மூச்சு விடுவான்?
தொடையில் போட்டோம். மருந்து ஏறியது.
எக்ஸ்ரேயில் வலது பாதி கறுப்பு,
ஓரத்தில் சுருங்கிய நுரையீரல்
பிழிந்து போட்ட ஈரத்துணி.
விலா இடுக்கில் குழாய் செருகி
மறுமுனையைப் பாட்டில் தண்ணீரில் முக்கினோம்.
களக் களக் களக்.
அப்படியே ஆபரேஷனுக்குப் போனார்.

விடிகாலை அரைமயக்கத்தில்
ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ முனகினார்.
குனிந்து கேட்டேன்.
“தண்ணி கொதிக்குது.
அடுப்பக் குறை.”

மூன்று நாள் அந்த அடுப்பு எரிந்தது.
ரவுண்ட்ஸில் என் தவறுக்கு
லத்தீன் கிரேக்கத்தில் அழகான பேர் இருந்தது,
கேஸ் ஷீட்டில் ஒரே வரி.
யாரும் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

நான்காம் நாள் பாட்டில் அடங்கியது.
குழாயை எடுத்துத் தையல் போட்டுவிட்டு
வராந்தாவில் அவளிடம் சொன்னேன்:
நோய் இல்லை, என் ஊசிதான் ஓட்டை போட்டது.
நான் சொன்னேனே, நூற்றில் ஒன்றிரண்டு என்று,
அது இவர்தான்.

சொர்ணக்கிளி என் கையைப் பார்த்தாள்.
மன்னிப்பா கோபமா, கண்டுபிடிக்க முடியவில்லை.
அவள் பெருவிரலில் இன்னும் நீலம்.

“அந்தக் காத்து எங்க போச்சு?”
பாட்டிலுக்கு.
“பாட்டில்லருந்து?”
வெளியேதான். இந்த வார்டுக்குள்ளேயே.

தலைக்கு மேல் ஃபேன் டக் டக்கென்று சுற்றியது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்து
மூக்கால் ஆழமாக ஒருமுறை இழுத்தாள்,
அவர் வாசனை இருக்கிறதா என்று பார்க்கிறவள் போல.
பிறகு டிபன் தூக்கைத் திறந்து,
சாப்பிட்டீங்களா என்றாள்.